கில்ட்டுக்கு மேலே

நாள் 1, திங்கள்: எடின்பரோ

வேவர்லி ரயில் நிலையத்துப் படிகளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறியதும் முதலில் வந்தது காற்று. அப்புறம்தான் பேக்பைப் சத்தம். பிரின்சஸ் தெருவில் ஒருவர் முழு அலங்காரத்தோடு நின்று வாசித்துக்கொண்டிருந்தார். தலையில் ஒரு முழ உயரத்துக்குக் கருப்பு இறகுத் தொப்பி, இடுப்பில் ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் கொசுவப் பாவாடையான, சிவப்புக் கட்டம் போட்ட கில்ட், அதன் முன்னால் குதிரைவால் மாதிரி தொங்கும் ஸ்போரன் பை. ஜூலை மாதம் என்று காலண்டர் சொன்னது. எனக்கு மார்கழி.

மச்சான் ஏழு வருடமாக இந்த ஊரில் வேலை பார்க்கிறான். அவனுடைய அலுவலக நண்பனுக்கு வெள்ளிக்கிழமை இன்வர்னெஸ் பக்கம் கல்யாணம். எனக்கும் அழைப்பு உண்டு, ஆனால் ஆண்கள் எல்லோரும் கில்ட்டில் வந்தால் சந்தோஷம் என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறான். "வாடகைக்குக் கிடைக்கும் மாப்ளே, வேட்டி கட்டுகிற ஆளுக்கு இது ஒரு விஷயமா?" என்றான் மச்சான்.

விஷயம்தான். முதலில், கில்ட்டைக் கட்டுவதா, போடுவதா? வேட்டி என்றால் கட்டுகிறோம், பேன்ட் என்றால் போடுகிறோம். நம் மொழியில் இந்த இரண்டு வினைகளும் கலப்பதில்லை. ராயல் மைல் கடைகளில் தொங்கிய கில்ட்களைப் புரட்டிப் பார்த்தேன். கொசுவம் முழுக்கத் தைத்திருக்கிறது, பக்கத்தில் பக்கிள் வைத்திருக்கிறது. அப்படியானால் போடுவது. முப்பது பவுண்டுக்குச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் செயற்கை இழைத் துணி, தொட்டால் விரலில் ஒட்டியது.

என் அப்பா தையல்காரர். மதுரைப் புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டிருந்தவர். வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் இடுப்பைப் பார்ப்பார். பேன்ட் எங்கே நிற்கிறது என்பதை வைத்தே அந்த ஆள் எந்த வருடத்தில் நின்றுவிட்டார் என்று சொல்லிவிடுவார். அந்தக் கண் எனக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது. உலகமே கில்ட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கிறது. எனக்கு வந்த கேள்வி வேறு: இத்தனை காலமாக கில்ட்டுக்கு மேலே என்ன போட்டுக்கொண்டிருந்தார்கள்?

நாள் 2, செவ்வாய்: படங்கள்

குவீன் தெருவில் ஸ்காட்லாந்து தேசிய உருவப்பட அருங்காட்சியகம். செங்கல் நிறக் கல்லில் கட்டிய, கோயில் மாதிரி உயர்ந்த கட்டடம். நுழைவு இலவசம், அதனால் அவசரமில்லை.

நான் தேடி வந்தது மங்கோ மர்ரே பிரபுவை. ஜான் மைக்கேல் ரைட் 1683 வாக்கில் வரைந்த ஆளுயரப் படம். படத்தில் இருப்பவன் பெரிய வீரன் இல்லை, பதின்வயதுப் பையன். கையில் நீளத் துப்பாக்கி, இடுப்பில் குத்துவாள். பின்னால் வில்லோடு ஒரு வேலையாள். பையன் கட்டியிருப்பது (இங்கே தைரியமாகக் 'கட்டியிருப்பது' என்று எழுதலாம்) பழைய பெரிய கில்ட். தையலே இல்லாத துணி. அந்தக் காலத்துத் தறி அகலம் குறைவு என்பதால் இரண்டு துண்டுகளை நீளவாட்டில் இணைத்து, நாலைந்து கெஜ நீளத்துக்கு வைத்துக்கொள்வார்கள். தரையில் விரித்து, கையாலேயே கொசுவம் பிடித்து, வாரால் இடுப்பில் இறுக்கினால் கீழ்ப்பாதி முட்டிவரை நிற்கும். மேல்பாதியைத் தோளில் போட்டுக்கொள்ளலாம், மழைக்குத் தலையில் இழுத்துக்கொள்ளலாம், ராத்திரி வாரை அவிழ்த்தால் அதுவே போர்வை. ரயிலில் வேட்டியை அவிழ்த்துப் போர்த்திக்கொண்டு தூங்கும் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

படத்தின் அடியில் கொஞ்ச நேரம் நின்றபிறகுதான் கண் மேலே போனது. இடுப்புக்குக் கீழே ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக் கம்பளி. மேலேயோ தங்கச் சரிகை ஓடும் சட்டை. கையில் நீளநீளமாகக் கீறல் விட்டு உள்ளேயிருக்கும் வெள்ளைத் துணி தெரியும்படி தைத்தது. அது மலைநாட்டு உடுப்பு அல்ல. அரண்மனை வாசம் அறிந்த தையல்காரர் கைவேலை. ஒரே உடம்பில் கீழே கட்டியது, மேலே போட்டது. இந்தப் பையன் 1700இல், பனாமாவில் காலனி அமைக்கப் போன டேரியன் முயற்சியில் செத்துப்போனான்.

அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிட நடையில் மவுண்ட் மேட்டிலுள்ள தேசிய ஓவியக் கூடம். அங்கே கிளன்காரி என்ற மலைநாட்டுக் குலத்தின் தலைவர் அலஸ்டர் மக்டோனல், ரேபர்ன் 1812இல் வரைந்தது. மங்கோவுக்கும் இவருக்கும் இடையே நூற்று முப்பது வருடம். அதற்குள் பெரிய கில்ட் பாதியாகிவிட்டது. மேல்பாதியை வெட்டி எறிந்துவிட்டுக் கீழ்ப்பாதியை மட்டும் வைத்துக்கொள்ளும் சின்ன கில்ட் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. 1720களில் தாமஸ் ராலின்சன் என்ற இங்கிலாந்துக்காரர், இரும்பு உருக்கும் தொழில் நடத்தியவர், தன் வேலையாட்கள் வசதிக்காகச் செய்ததுதான் அது என்று ஒரு கதை உண்டு. இந்தக் கதையை ஸ்காட்லாந்துக்காரர்களிடம் சொல்லும்போது கொஞ்சம் தள்ளி நின்று சொல்வது நல்லது. அதற்கு முன்னாலேயே எங்கள் ஆட்கள் கட்டினார்கள் என்று வாதாடுகிறவர்கள் நிறையப் பேர்.

கிளன்காரியின் மேற்சட்டை உடம்பைப் பிடித்த குட்டைச் சட்டை. அந்த வருடங்களில் லண்டன் ஆண்கள் கோட்டின் முன்பக்கத்தை இடுப்போடு வெட்டிக்கொண்டிருந்தார்கள், இவரும் அதே உயரத்தில்தான் நிறுத்தியிருக்கிறார். மனிதர் நெஞ்சு நிமிர்த்தி நிற்பதைப் பார்த்தால் மலைநாட்டு மானம் முழுக்க அவர் தோளில் இருப்பதுபோல இருக்கும். 1815இல் 'உண்மையான மலைநாட்டார்' சங்கம் ஒன்றும் ஆரம்பித்தார். அவருடைய நிலத்தில் இருந்த உண்மையான மலைநாட்டார், குத்தகை பறிபோய், கனடாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். படம் அழகான படம். எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை.

மதியத்துக்கு மேல் ஹோலிரூட் மாளிகை. அங்கேதான் நான்காம் ஜார்ஜ் மன்னர். 1822 ஆகஸ்டில் எடின்பரோவுக்கு வந்தார். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்தான் ஏற்பாடு முழுவதும். நடனவிருந்துக்கு ராணுவச் சீருடையில் வராதவர்கள் 'பழங்கால மலைநாட்டு உடை'யில்தான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை கில்ட்காரன் என்றால் மாடு திருடுகிறவன் என்று முகம் சுளித்த சமவெளிக் கனவான்கள் எல்லோரும் தையல்காரர் வாசலில் வரிசையில் நின்றார்கள். மன்னரின் உடைக்கும் அணிகலனுக்கும் ஆன பில் 1,354 பவுண்டு 18 ஷில்லிங். பருத்த உடம்பு, முட்டிக்கு நன்றாக மேலேயே நின்றுவிட்ட கில்ட், அதற்குக் கீழே சதை நிறத்தில் இறுக்கமான காலுறை. டேவிட் வில்கி 1829இல் முடித்த படத்தில் அந்தக் காலுறை இல்லை, வயிறும் பாதிதான். ஓவியருக்குப் பிழைக்கத் தெரிந்திருக்கிறது. எங்கள் கல்யாண ஆல்பக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

நாள் 3, புதன்: ஸ்டர்லிங்

ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். கோட்டைக்குள்ளேயே ஆர்கைல் அண்டு சதர்லாந்து ஹைலேண்டர்ஸ் (மலைநாட்டார்) படைப்பிரிவின் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஸ்போரன் ஒன்று, மேலே ஒரு பேட்ஜர் விலங்கின் தலை அப்படியே, கண்ணோடு. சில்லறை எடுக்கக் கை விடுவதற்கே பயமாக இருக்கும்.

கில்ட்டைக் காப்பாற்றியது கவிஞர்கள் அல்ல, ராணுவம். அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் அமர்த்த எழுந்த ஜேக்கபைட் கலகம் 1746இல் கலோடன் போரில் நசுக்கப்பட்டதும் சட்டம் வந்தது. 1747 ஆகஸ்ட் 1 முதல் ஸ்காட்லாந்தில் ஆணோ சிறுவனோ கில்ட் அணியக்கூடாது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, மறுபடி பிடிபட்டால் ஏழு வருடம் நாடுகடத்தல். ஒரே விதிவிலக்கு, மன்னரின் படையில் சேர்ந்தவர்கள். தன் ஊர் உடுப்பை உடுத்த வேண்டுமென்றால் தன் ஊரை ஒடுக்கியவன் படையில் சேரவேண்டும். தடை 1782இல்தான் நீங்கியது.

இந்த வருடங்களை நோட்டில் எழுதும்போது ஒன்று உறைத்தது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கத்தில் புள்ளலூரில் ஹைதர் அலியின் படை கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை அழித்ததே, அந்தப் படையில் 73ஆவது ஹைலேண்டர்ஸ் பிரிவின் இரண்டு கம்பெனிகள் இருந்தன. பெய்லியும் ஸ்காட்லாந்துக்காரர்தான். அந்த வீரர்களின் ஊரில் தடை நீங்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

ராணுவம் காப்பாற்றியது மட்டுமல்ல, மாற்றியும்விட்டது. ஆயிரம் பேர் ஒரே மாதிரி தெரிய வேண்டுமே. தினமும் காலையில் கையால் கொசுவம் பிடித்தால் ஒவ்வொருவன் கொசுவமும் ஒவ்வொரு மாதிரி நிற்கும். 1790களில் கொசுவத்தைத் தைத்தே கொடுத்துவிட்டார்கள். கட்டுவது போடுவதாக மாறிய இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்போது நாலு கெஜத் துணி போதும், மடிப்பு பெட்டி மாதிரி அகலமாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டு போகப்போக கத்தி முனை மாதிரி மெல்லிய மடிப்பு வந்து, துணி ஏழு எட்டு கெஜமாகிவிட்டது.

மேலே? 1855 வரைக்கும் பிரிட்டிஷ் காலாட்படை போட்ட அதே வாலுள்ள சிவப்புக் கோட்தான். அப்புறம் தொங்கல் மடல்கள் வைத்த, டப்ளட் என்ற சட்டை. பிறகு காக்கி வந்தது. காக்கிச் சட்டையின் முன்பக்கத்தை ஸ்போரனுக்காக வளைத்து வெட்டினார்கள், அவ்வளவுதான். முதல் உலகப் போரில் கில்ட்டுக்கு மேலேயே ஒரு காக்கி ஏப்ரன் கட்டி மறைத்தார்கள். பதுங்கு குழிச் சேற்றில் எட்டு கெஜக் கம்பளி எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மடிப்புக்கு மடிப்பு பேன். குளிரில் சேறு உறைந்து, துணியின் ஓரம் முட்டியின் பின்பக்கத்தை அறுக்கும். 1940இல் பிரான்சில் கேமரன் ஹைலேண்டர்ஸோடு போர்க்களத்து கில்ட் முடிந்தது.

ஸ்டர்லிங்குக்குப் பக்கத்தில்தான் பானக்பர்ன். போர்க்களம் பார்க்கக் கூட்டம் போகிறது. எனக்கு அங்கே முக்கியம் வில்சன் குடும்பத்தின் தறிகள். படைகளுக்கு டார்ட்டன் என்ற கட்டம் போட்ட கம்பளித் துணி நெய்து கொடுத்து வளர்ந்தவர்கள். 1819இல் அவர்கள் வைத்திருந்த மாதிரிப் புத்தகத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட கட்டங்கள். சிலவற்றுக்கு வெறும் எண், சிலவற்றுக்கு ஊர்ப் பெயர். இந்தக் குலத்துக்கு இந்தக் கட்டம் என்பதெல்லாம் பெரும்பாலும் 1822க்குப் பின்னால் சூடுபிடித்த வியாபாரம். 1842இல் இரண்டு சகோதரர்கள், தாங்கள் பழைய அரச வம்சம் என்று சொல்லிக்கொண்டு, ஏதோ பழைய சுவடியிலிருந்து எடுத்ததாகக் குலக் கட்டங்களைப் புத்தகமாகவே போட்டார்கள். சுவடி புளுகு. கட்டங்கள் மட்டும் நிலைத்துவிட்டன, இன்றும் கடையில் கிடைக்கின்றன.

நாள் 4, வியாழன்: மழை, தையல், வாடகை

காலையிலிருந்து தூறல். மச்சானுக்குத் தெரிந்த ஒரு அம்மா வீட்டிலேயே கில்ட் தைக்கிறார், லீத் பக்கம். வயது எழுபதைத் தொட்டிருக்கும். தையல்காரர் மகன் என்று சொன்னதும் தேநீர் வந்தது, அதன்பின் நான் கேட்காமலேயே மேசைமேல் எல்லாம் விரிந்தது.

ஒரு கில்ட் கையால் தைக்க அவருக்கு மூன்று நாள் முழுதாகப் போகும். எட்டு கெஜம் என்கிறோமே, கடையிலிருந்து வாங்குவது நாலு கெஜம்தான். இரட்டை அகலத் துணியை நடுவில் கிழித்து இரண்டு நாலாக்கி இணைக்கிறார். கிழித்த ஓரம் இடுப்புக்குப் போகிறது. தறியில் வந்த கரை கீழே வருகிறது. அதனால் கில்ட்டின் கீழ் ஓரத்தில் மடித்துத் தைப்பது என்பதே கிடையாது, கரை அப்படியே முட்டியில் நிற்கிறது. நான் அந்தக் கரையை விரலால் தடவிக்கொண்டே இருந்ததைப் பார்த்து அந்த அம்மா சிரித்தார். வேட்டிக் கரை பிடித்துப் பார்த்துத் துணி வாங்கும் ஊர்க்காரன் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

கொசுவத்தில்தான் கணக்கு. கட்டத்தின் ஒரு முழுச் சுற்று ஒரு மடிப்புக்குள் போகவேண்டும். அப்போதுதான் பின்பக்கம் இருபத்தைந்து முப்பது மடிப்பு விழுந்தபிறகும், மடிக்காத துணியில் இருக்கும் அதே கட்டம் வெளியே தெரியும். ராணுவத்துக்கு வேறு மாதிரி: எல்லா மடிப்பிலும் ஒரே கோடு வரும்படி. நடக்கும்போது உள்ளே ஒளிந்த நிறம் பளிச் பளிச்சென்று வெளியே வரும். மடிப்பு இடுப்பில் ஒரு அகலம், புட்டத்தில் கொஞ்சம் கூடுதல் அகலம். ஒவ்வொன்றும் நூலிழை அளவு குறுகிக்கொண்டே மேலேறும். இருபத்தைந்து மடிப்பில் ஒவ்வொன்றிலும் நூலிழை தப்பினால் இடுப்பளவே மாறிவிடும். உள்ளே கேன்வாஸ், நுனியில் தோல் பட்டை, வலப்பக்கம் இரண்டு பக்கிள், இடப்பக்கம் ஒன்று. முன்மடல் வலப்பக்கம்தான் முடியவேண்டும்.

"இடுப்பு எங்கே என்று முதலில் கேட்பேன்" என்றார். அவர் தொழில் பழகிய காலத்தில் கில்ட்டின் இடுப்பு தொப்புளில், மேல்பட்டி அதற்கும் இரண்டு அங்குலம் மேலே, விலா எலும்புக்குக் கீழ்வரை ஏறும். அப்போது பேன்ட்டும் அங்கேதான் நின்றது. இன்றைக்கு வரும் பையன்கள் ஜீன்ஸ் நிற்கும் இடத்தைக் காட்டி இதுதான் இடுப்பு என்கிறார்களாம். அப்படித் தைத்தால் கொசுவம் விழாது, முன்மடல் தொங்கும். "ஆனால் பணம் அவர்களுடையது" என்றார். அப்பா இதே வாக்கியத்தை, இதே சலிப்போடு, லோ ஹிப் வந்த வருடம் சொல்லியிருக்கிறார்.

புது கில்ட்கள் பற்றியும் கேட்டேன். ஹௌவி நிகல்ஸ்பி 1996இல் இதே எடின்பரோவில் டெனிம், தோல் என்று எல்லாவற்றிலும் கில்ட் தைக்க ஆரம்பித்தார். அவருடைய அப்பாவும் கில்ட் கடைக்காரர்தான். 2003இல் எடின்பரோவில் நடந்த எம்டிவி விருது விழாவுக்கு நடிகர் வின் டீசல் கருப்புத் தோல் கில்ட்டில் வந்தார். அமெரிக்காவில் சியாட்டிலில் 2000இல் யூட்டிலிகில்ட்ஸ் என்ற நிறுவனம் சுத்தியல் மாட்டக் கொக்கி, பக்கவாட்டில் பெரிய பை என்று கார்கோ பேன்ட்டின் தம்பி மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தது. ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டி பார்த்த கண்ணுக்கு அதில் அதிர்ச்சியில்லை. அந்த அம்மா எதையும் திட்டவில்லை. "பை வைத்ததற்கு அப்புறம் ஸ்போரன் எதற்கு?" என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி.

மாலையில் வாடகைக் கடை. பெயர் வேண்டாம். அளவெடுத்த தம்பி காதில் ஒரு பக்கம் பாட்டுக் கருவியோடு நின்றான். எனக்குக் கருப்பு ஆர்கைல் கோட் போதும் என்றேன். சாதாரண கோட்டை கில்ட்டோடு போட முடியாது. முன்பக்கம் நீளமாக இறங்கி ஸ்போரனை மறைத்துவிடும், பார்க்கிறவர்களுக்கு நீங்கள் வெறும் பாவாடையில் நிற்பதுபோல இருக்கும். கில்ட் கோட் குட்டை, முன்பக்கம் இரண்டு பக்கமும் வளைத்து ஒதுக்கியிருக்கும். இன்னொன்று, நீள டைக்குப் பதில் போ-டை கட்டுகிற விருந்துக்கு, 'பிரின்ஸ் சார்லி' என்ற கோட். முன்னால் இடுப்போடு நின்று, பின்னால் குட்டி வால். பெயர் 1745இல் அந்த ஜேக்கபைட் கலகத்தை நடத்திய இளவரசருடையது. வெட்டு, அவர் செத்து நூறு வருடத்துக்கும் மேல் கழித்து வந்த விருந்துக் கோட்டுகளின் வெட்டு. அவர் கண்டால் யாருடைய சட்டை இது என்று கேட்பார்.

பையை மூடிக் கொடுத்தார்கள். திறந்து பார்த்து வாங்கியிருக்க வேண்டும். பார்க்கவில்லை.

நாள் 5, வெள்ளி: கல்யாணம்

முதல் ரயிலில் இன்வர்னெஸ், மூன்றரை மணி நேரம். விடுதியில் பையைத் திறந்தால் கோட் இரண்டு அளவு பெரிது. கை விரல் நுனியைத் தாண்டித் தொங்குகிறது. மச்சான் போனில் கத்தினான், கடையில் மன்னிப்பு கேட்டார்கள், சரியான கோட்டோ இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால். கல்யாணத்துக்கு இரண்டு மணி நேரம்.

கைநுனியை மடித்துத் தைக்கலாம் என்றால் ஆர்கைல் கோட்டின் கையில் கூராக மேலேறும் ஒரு மடல், அதன்மேல் மூன்று பொத்தான். நுனியைச் சுருக்கினால் மடல் கெட்டுவிடும். விடுதியில் ஊசியும் கருப்பு நூலும் வாங்கி, முழங்கைக்கு மேலே உள்பக்க லைனிங்கில் ஒரு அங்குலம் பிடித்து ஓட்டினேன். வெளியே லேசான சுருக்கம், யாரும் பார்க்கமாட்டார்கள். அப்பா பார்த்திருப்பார்.

கில்ட்டைப் போட்டுக்கொள்ளக் கால்மணி நேரம். கரை முட்டியின் நடுவில் நிற்கவேண்டும். எட்டு கெஜத்தில் பெரும்பகுதி பின்பக்கம், முன்னால் வெறும் இரண்டு மடல். உட்காரும்போது பின்கொசுவத்தைக் கையால் நீவி விட்டுக்கொண்டு உட்காரவேண்டும், அம்மாக்கள் புடவையை ஒதுக்கிக்கொள்வார்களே அதுபோல. நான் மறந்து மறந்து உட்கார்ந்தேன். மடித்துக் கட்ட ஒருமுறை கை போனது, மச்சான் கையைத் தட்டிவிட்டான்.

தேவாலய வாசலில் நின்ற ஐம்பது ஆண்களைப் பார்த்ததும் மூன்று நாளாக நான் பார்த்த படங்கள் எல்லாம் வரிசையில் வந்து நின்றது மாதிரி இருந்தது. மாப்பிள்ளையின் தாத்தா பச்சை கில்ட், தடிமனான ட்வீட் கோட், கம்பளி டை. அவர் உடுப்பு ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு கிராமத்து வக்கீல் உடுப்பு, பேன்ட்டுக்குப் பதில் கில்ட். அவர் மகன் பிரின்ஸ் சார்லியும் பால்வெள்ளை நீளக் காலுறையும். 90களில் கல்யாணம் ஆனவர்களின் ஆல்பம் முழுக்க இந்த வெள்ளைக் காலுறைதான் என்று மச்சான் சொன்னான். மாப்பிள்ளையும் தோழர்களும் சாம்பல் நிறம். கில்ட் சாம்பல், வேஸ்ட்கோட் சாம்பல், கோட் இறுக்கம், காலுறை கரி நிறம். எந்தக் குலத்துக்கும் சொந்தமில்லாத கட்டம், ஃபேஷனுக்காக நெய்தது. லண்டன் மணமகன் போடும் சாம்பல் சூட்டின் கீழ்ப்பாதியை மாற்றினால் இதுதான். கடைசி வரிசையில் ஒரு பையன் கருப்பு டி-சர்ட், டெனிம் கில்ட், வெள்ளை ஷூ. தாத்தா அவனைப் பார்த்த பார்வையைத் தமிழில் எழுத எனக்கு வார்த்தை இருக்கிறது, எழுதவில்லை.

ராத்திரி கெய்லி என்ற ஸ்காட்லாந்துக் கூட்டு நடனம். ஒரு வயதான அம்மா என்னை இழுத்துச் சுற்றிவிட்டார். எட்டு கெஜக் கொசுவம் சுழலும்போது விரியும், நின்றதும் அதன் எடையால் டக்கென்று அடங்கும். அந்த அடங்கல் ஒரு சுகம். முப்பது பவுண்டு கில்ட்டில் அது வராது. உள்ளே என்ன போட்டிருந்தேன் என்று வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஏழு பேர் கேட்டுவிட்டார்கள். பதில் சொல்வதாக இல்லை.

நாள் 6, சனி: கலோடன், பிறகு மைதானம்

காலையில் பேருந்தில் கலோடன். 1746 ஏப்ரல் 16, ஒரு மணி நேரம்கூட நீடிக்காத போர். திறந்த வெளி, புதர், நீலக் கொடியும் சிவப்புக் கொடியும் இரண்டு படை நின்ற இடத்தைக் காட்டுகின்றன. குலப் பெயர் பொறித்த கற்கள் 1881இல் நட்டவை. போரன்று கட்டத்தை வைத்து இவன் எந்தக் குலம், எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. தொப்பியில் குத்திய வெள்ளை ரிப்பன் பூதான் ஜேக்கபைட்டுக்கு அடையாளம். ஒரே ஆள் நாலைந்து விதக் கட்டத்தை ஒன்றாகப் போட்டிருப்பான். மழை வலுத்தது, அதிகம் நிற்கவில்லை.

மதியம் இன்வர்னெஸ் பட் பார்க்கில் ஹைலேண்ட் விளையாட்டு. மரத்தூணைத் தூக்கி எறிகிற பீமசேனர்கள் எல்லோரும் கில்ட்டில். விதியே அது. ஆனால் மேலே வியர்வை உறிஞ்சும் டி-சர்ட், முதுகில் விளம்பரம், முட்டியில் பட்டை, காலில் ஸ்பைக் ஷூ. ஸ்போரனைக் கழற்றி வைத்துவிட்டார்கள். பேக்பைப் குழுக்களும் வந்தன. திங்கட்கிழமை பிரின்சஸ் தெருவில் பார்த்த இறகுத் தொப்பி ஒருவரிடமும் இல்லை. அரைக்கைச் சட்டை, டை, வேஸ்ட்கோட், மடக்குத் தொப்பி. அலுவலகத்திலிருந்து மேல்கோட்டைக் கழற்றிவிட்டு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள், சிலர் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கக்கூடும்.

எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவரும் பேரனும். பையனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். கால்பந்துச் சட்டை, கில்ட், கணுக்காலில் சுருட்டிவிட்ட காலுறை, ஸ்போரனுக்குள் போன். கில்ட் இடுப்பெலும்புக்கும் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் ஒன்றும் பேசாமல் குனிந்து, பக்கிளைத் தளர்த்தி, இரண்டு கையாலும் கில்ட்டைப் பிடித்துத் தொப்புள்வரை ஏற்றி, மறுபடி இறுக்கி, பின்கொசுவத்தை உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிட்டார். பையன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெரியவர் தேநீர் வாங்கக் கூடாரத்துப் பக்கம் நடந்தார். அவர் தலை மறையும்வரை காத்திருந்துவிட்டு, பையன் இரண்டு கட்டைவிரலையும் பட்டிக்குள் விட்டு, மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டான்.